அக்காவின் கைக்குத் தேய்ந்த நிப்பு

அப்பா போனபின் சேந்தமங்கலத்து வீடு எனக்கு வந்தது, அவருடைய மைப்பேனா அக்காவுக்குப் போனது. நியாயமாகப் பார்த்தால் நான் வாயைத் திறக்கக் கூடாது. ஆனாலும் ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பேனாவுக்காக எனக்கு வயிறு எரிந்தது.

அப்பா தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர். தடித்த கறுப்புப் பேனா, தங்க நிப்பு. அதை யாரிடமும் தரமாட்டார். "இன்னொருத்தர் கை பட்டா நிப்பு கெட்டுப் போயிரும்" என்பார். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கெஞ்சிக் கேட்டேன். கடையில் புதிதாக ஒன்று வாங்கித் தந்தார். அந்தப் புதுப் பேனாவை நான் மூன்றே நாளில் தொலைத்தேன், வேண்டுமென்றேதான்.

போன மாதம் அக்கா போன் செய்தாள். "அப்பா பேனா கழுத்துல மை கசியுது கண்ணு. சேலத்துல ஆராச்சும் சரி பண்ணுவாங்களா?" அவள் சேந்தமங்கலத்திலேயே அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். நான் சேலத்தில் இருப்பதால் இந்த ஊழியம் எனக்கு. ஊருக்குப் போய் அவளிடம் வாங்கி வரும்போதே பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். நிப்பு கீறி, தாள் கிழிந்தது.

கடைவீதிப் பக்கம் கடிகாரமும் பேனாவும் பழுது பார்க்கும் ஒருவர் இருக்கிறார். அரைமணி நேரத்தில் கசிவை அடைத்துவிட்டார். பிறகு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு நிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல எழுதறவங்க இடது கைங்களா?"

"எங்க அக்கா இடது கைதானுங்க. ஆனா ரெண்டு வருசமாத்தான் அவங்ககிட்ட இருக்குது."

"ரெண்டு வருசத்துல இப்படி ஒரு பக்கமாத் தேயாதுங்க. பத்து வருசமாச்சும் எழுதியிருக்கோணும்."

அப்பாவுக்கு வலது கை. கடைசிப் பத்து வருடம் அந்தக் கை நடுங்கியது. அவர் சொல்லச் சொல்ல அக்காதான் மனுக்களை எழுதினாள். அது எனக்குத் தெரியும். அந்தப் பேனாவில் எழுதினாள் என்பது தெரியாது. என் கை பட்டால் கெட்டுப்போகிற நிப்பு, அவள் கைக்குத் தேய்ந்து கொடுத்திருக்கிறது. கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"இப்படியே உட்டறட்டுங்களா, நேராக்கித் தரட்டுங்களா?" என்றார் அவர்.

"நேராக்கிருங்க. வலது கைக்கு" என்றேன். யோசிக்கவே இல்லை.

மெல்லிய கல்லில் பத்து நிமிடம் தேய்த்தார். என் பெயரை எழுதிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்போது எனக்கிருந்த சந்தோஷத்தை எழுதக் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன், கசிவை அடைத்ததை மட்டும் சொன்னேன். அக்கா நோட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு எழுதினாள். கீறியது. நோட்டைத் திருப்பி வைத்து எழுதினாள், தாள் கிழிந்தது. பேனாவை உதறிவிட்டு மறுபடியும் முயன்றாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"நீ எழுது பாக்கலாம்" என்று நீட்டினாள்.

எழுதினேன். ஒரு தடங்கலும் இல்லை. அந்த வரியைக் குனிந்து பார்த்தாள்.

"சரி பண்ணுனதும் நிப்பு பழையபடி ஆயிருச்சாட்டம் இருக்குது. எனக்குன்னு நெனச்சுட்டு இருந்தேன் பாரு. அப்பா உன்ற கைக்குத்தான் வெச்சுட்டுப் போயிருக்காரு" என்று சொல்லி, பேனாவை மூடி, அவளே என் சட்டைப்பையில் செருகிவிட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன்.