மூன்றாவது படத்தைப் பற்றி ரேடியோவில் சொன்னது

வாஷிங் மெஷின் பழுது பார்ப்பதுதான் அவனுக்குத் தொழில். சிநேகிதர்கள் வைத்த பெயர் ‘இருட்டு’. பேய்ப் படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவனுக்கு. பட்டப்பகலில்கூட ஜன்னல் திரைகளை ஊக்குக் குத்தி மூடிவிட்டு உட்கார்ந்து பார்ப்பான். எந்தப் படத்தில் எந்தக் கதவு எப்போது கிறீச்சிடும் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். முப்பத்தைந்து தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அவனும் அம்மாவும்தான்.

“பேயோட குடும்பம் நடத்தறவனுக்கு எவ பொண்ணு குடுப்பா?” என்பாள் அம்மா. பாதி கேலி, பாதி கவலை.

அம்மாவுக்கு ஒரு பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலைமலையாக வரும். நாள் முழுக்க நின்றபடி வேலை. பேச்சுத் துணைக்கு ஒரு ரேடியோ உண்டு.

அந்த ரேடியோ நிலையத்து அறிவிப்பாளர் வீட்டு மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தபோதுதான் அவனுக்கு யோகம் அடித்தது. கை திருப்புளியைத் திருக, வாய் பேயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட அறிவிப்பாளர், “நம்ம மத்தியான நிகழ்ச்சிக்கு வாங்களேன். உங்களுக்குப் பிடிச்ச பேய்ப் படம் மூணு, அதப் பத்திப் பேசுங்க” என்றார். அவனைவிட அம்மாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. சலவைக்கூடத்தில் ஒருத்தி விடாமல் சொல்லி வைத்தாள். அன்றைக்கு ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்ததும் அவள்தானாம்.

அவன் நன்றாகத்தான் பேசினான். ஆளில்லாத லிஃப்ட் மாடிக்கு மாடி நின்று நின்று மேலே ஏறி வரும் படம் முதலாவது. அதைப் பார்த்த பிறகு எத்தனை மாடியானாலும் பல நாள் படியேறித்தான் வேலைக்குப் போனேன் என்றான். இரண்டாவதில் பேயைக் காட்டவே மாட்டார்கள், பேயைப் பார்த்தவர்களின் முகத்தை மட்டும்தான் காட்டுவார்கள். மூன்றாவதுதான் அவன் உயிர். அதில் வரும் பெண் பேய் அலறாது, கடிக்காது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கும். அவ்வளவுதான்.

“அதுல என்னங்க அப்படிப் பயம்?” என்றார் அறிவிப்பாளர்.

“எங்க வீட்லயே அப்படி ஒண்ணு இருந்துச்சுங்க” என்றான் அவன். “அப்பா எங்கள விட்டுட்டுப் போன புதுசு. எங்கம்மாவுக்கு ராத்திரி வேலை. நான் ஸ்கூல் விட்டு வந்தா, ஜன்னலெல்லாம் மூடின இருட்டுல தலைய விரிச்சுப் போட்டுட்டு செவுத்தோட செவுறா நிப்பாங்க. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாங்க. இந்தப் படத்தப் பாத்ததும், அட, இது நம்ம அம்மாவாச்சேன்னு தோணிச்சு! அதான் எனக்கு இது முதலிடம்.”

அறிவிப்பாளர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. அவனும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு தந்த தெம்பில், “இப்பவும் நான் சம்பளத்த அம்மா கையில குடுக்காட்டி அந்தப் பேய் வரும்” என்று ஒன்றையும் சேர்த்துவிட்டான். நாக்குக்கு ஏது எலும்பு?

சாயங்காலம் அம்மாவைக் கூட்டிவர வண்டியை எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனான். பாராட்டை வாங்கிக்கொள்ளத்தான் போனான் என்றும் சொல்லலாம். வாசலில் மேற்பார்வை அக்கா நின்றிருந்தாள்.

“உங்கம்மா அப்பவே பஸ்ஸுல போயிட்டாங்க.”

“ஏங்க்கா, உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு என்ன? நீ பேசப் பேச எங்களுக்கெல்லாம் சிரிப்பு. அவங்களும் சிரிக்கறாங்கன்னுதான் நெனச்சோம். திரும்பிப் பாத்தா, இஸ்திரிப் பெட்டிய அணைச்சு வச்சுட்டு வெளிய போய் நிக்கறாங்க. ஏம்ப்பா, பெத்தவளப் பத்தி ஊர் கேக்க அப்படியா பேசுவ?”

அவன் வண்டியைத் திருப்பினான்.

வீட்டில் அம்மா எப்போதும் போல இருந்தாள். சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் தப்பித்திருப்பான். திட்டவில்லை. ஊருக்கெல்லாம் கேட்கும்படி பேசிய வாய், எதிரே உட்கார்ந்திருப்பவளிடம் ‘அம்மா’ என்று ஆரம்பிக்கக்கூடத் திணறியது.

மறுநாள் இருவருக்கும் விடுமுறை. காலையில் அம்மா வந்து உட்கார்ந்தாள்.

“அந்தப் படத்தப் போடு.”

“வேண்டாம்மா.”

“போடுடா. நான் எப்படி இருந்தேன்னு நானும் பாக்கறேன்.”

ஜன்னல் திரையை அவள் மூட விடவில்லை. வெயில் உள்ளே விழ, அம்மாவும் மகனும் பேய்ப் படம் பார்த்தார்கள். அந்தப் பெண் சுவரோரம் வந்து நின்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா கண் கொட்டாமல் பார்த்தாள்.

“பாவம், தூங்கி எத்தன நாளாச்சோ” என்றாள்.

அவன் படத்தை நிறுத்திவிட்டான். அம்மாவே பேசினாள்.

“பக்கத்து வீட்ல ஒரு புருஷன் பொண்டாட்டி இருந்தாங்க, ஞாபகம் இருக்கா? மத்தியானத்துல பேசிக்கிட்டே இருப்பாங்க. பெருசா ஒண்ணும் இல்ல. சோப்பு தீந்துபோச்சு, உன் தம்பி போன் பண்ணான், இந்தச் சட்ட கிழிஞ்சிருக்கு பாரு, அவ்வளவுதான். எனக்குத் தூக்கம் வராது. செவுத்துல காத வச்சு அதக் கேட்டுட்டு நிப்பேன். அடுத்தவங்க வீட்டுப் பேச்ச ஒட்டுக் கேக்கறது அசிங்கம்னு தெரியும். நீ வந்து கூப்பிட்டா எந்த மூஞ்சிய வச்சுத் திரும்பறது? நீ பயப்படறேன்னு எனக்குத் தெரியாதுடா.”

அவள் எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

தப்பைச் சரிசெய்கிறேன் என்று அதற்கு அடுத்த நாள் அவன் செய்தது இன்னொரு தப்பு. சலவைக்கூடத்துக்குள் நேரே போய், ஆவிக்கு நடுவில் நின்று, “அக்காமார்களே, அன்னைக்கு நான் அம்மாவப் பத்திச் சொன்னது...” என்று தொடங்கினான். பெண்கள் பெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அம்மா விடுவிடுவென்று வந்து அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

“மறந்துட்டிருந்தாளுங்க. மறுபடியும் கிளறி விடறியா? போய் உன் வேலையப் பாரு.”

கூனிக் குறுகித் திரும்பி வந்தான். அதற்கப்புறம் அதைப் பற்றி வீட்டில் பேச்சு எழவில்லை. அம்மா பழையபடி பேசத் தொடங்க இரண்டு வாரம் போல ஆயிற்று. ஆனாலும் பெண் கொடுப்பது பற்றிய அந்தக் கேலியை மட்டும் அவள் மறுபடி சொல்லவில்லை. அது அவனை உறுத்தியது.

ஊர் சுலபத்தில் விடுமா? மெஷின் பார்க்கப் போகிற இடங்களில் குரலை வைத்து இன்னமும் யாராவது கண்டுபிடித்துவிடுகிறார்கள். “நீங்கதானே ரேடியோவுல அம்மாவப் பேய்னு சொன்னவரு? செம ஜோக்குங்க!” முதலில் எல்லாம், நான் இல்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தான். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

“நான்தாங்க. சொல்லியிருக்கக் கூடாது” என்பான். கேட்டவரின் சிரிப்பு அடங்கும்வரை தலையை நிமிர்த்தாமல் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருப்பான்.