சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம்

ஈப்போ நகரில் இருந்த அந்த மோட்டார்சைக்கிள் கடைக்குள் விலை கேட்கத்தான் நுழைந்தோம். எண்பதுகளின் தொடக்கம். நானும் என் கணவரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தோம்.

விற்பனையாளர் நம் தமிழ் ஆள். "சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கண்ணே. பிடிக்கலன்னா விட்டுட்டுப் போங்க லா" என்றார். என் கணவர் வண்டியில் ஏறியதும், விற்பனையாளர் மேசை இழுப்பறையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "புது வண்டி அக்கா. உங்க கையால சக்கரத்துக்கு அடியில வையுங்க."

வைத்தேன். முன்விளக்கில் அவர் தந்த குங்குமமும் இட்டேன். பழம் நசுங்கியபோது கண்ணை மூடி மாரியம்மனைக் கும்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் கணவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முட்டியில் ரத்தம். குனோங் ராபாட் சாலையில் லாரிக்கு ஒதுங்கியபோது மண்ணில் சறுக்கிவிட்டதாம். முன்விளக்கு உடைந்து, டேங்க் ஒடுங்கிப்போயிருந்தது.

"நாங்க இன்னும் வாங்கலையே" என்றேன்.

"என்னக்கா பேசுறீங்க? பழம் வெச்சது நீங்க, பொட்டு வெச்சது நீங்க. பூசை போட்ட வண்டி யாரோடது? நீங்களே சொல்லுங்க."

என் விரலில் குங்குமம் அப்படியே இருந்தது. வண்டி எங்களுடையது இல்லை என்று சொன்னால், கும்பிட்டதே பொய் என்றாகிவிடும் போலிருந்தது. உடைந்த வண்டியையே வாங்கினோம்.

நாங்கள் வெளியேறும்போது இன்னொரு கணவன் மனைவி உள்ளே வந்தார்கள். விற்பனையாளர் இழுப்பறையைத் திறந்தார். அந்தப் பெண் சிரித்தபடி இரண்டு கைகளையும் ஏந்தினாள்.

நானும் அப்படித்தான் ஏந்தியிருப்பேன்.