ஆக்சிஜன் பெட்டிக்குள் மாதா எண்ணெய்

லூர்தம்மாளுக்கு யார் என்ன சொன்னாலும் கேட்கிற பழக்கம் கிடையாது. தாராவியில் குடித்தனம் வந்த பதினாறு வருடத்தில், பாலில் தண்ணீர் கலக்கிற பால்காரர் முதல் பங்குச் சாமியார் வரைக்கும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் இல்லை. அப்படிப்பட்டவள் வாயடைத்து நின்றது ஒரே ஒரு நாள். அறுபத்தாறாம் வருடம், மாரடைப்பு வந்த புருஷனை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய அன்று.

புருஷன் சிங்கராயர் டிராம்பேயில் கேஸ் வெல்டர். வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மருந்தும் ஊசியும் அது பாட்டுக்கு நடக்கட்டும், கூடவே இதையும் செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். பெட்டிக்குள் ஆக்சிஜனை அழுத்தமாக நிரப்புவார்களாம். அடிபட்ட இதயத்துக்கு அது கொஞ்சம் தெம்பு தருமாம். புது வைத்தியம், உறுதி சொல்ல முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

டாக்டரே உறுதி சொல்லாத வைத்தியத்தை இவள் எப்படி நம்புவாள்? நர்ஸ் சிங்கராயர் உடம்பைத் துடைத்துப் பருத்தி அங்கி மாட்டிவிட்டுப் போனதும், முந்தானையில் முடிந்திருந்த வேளாங்கண்ணி மாதா எண்ணெய்ச் சீசாவை எடுத்தாள். ஊசி மயக்கத்தில் கிடந்தவர் நெஞ்சில் சிலுவை போட்டு, நன்றாகத் தேய்த்தும் விட்டாள். எண்ணெய், சீப்பு, தீப்பெட்டி ஏதாவது உண்டா என்று நர்ஸ் இந்தியில் கேட்டபோது, “குச் நஹி” என்றாள் கூசாமல். சொன்னால் துடைத்துவிடுவார்களே!

பெட்டியை மூடினார்கள். காற்று சீறியது. உள்ளே சிங்கராயர் கண் விழித்து, பெட்டியில் பதித்திருந்த கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். பெட்டியை இயக்கிய தளவாய் திருநெல்வேலிக்காரன்.

“எண்ணெய எதுக்குத் தம்பி கேட்டாவ?” என்று சும்மா கேட்டுவைத்தாள்.

“எண்ணெ பட்டா தொலஞ்சோம்க்கா. இம்புட்டு ஆக்சிஜன்ல ஒரு பொறி போதும். உள்ள இருக்க ஆளு கரிக்கட்டதான்.”

லூர்தம்மாள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தபோது அலறலாகத்தான் வந்தது.

“தெறப்பா! நெஞ்சு பூராம் நான் எண்ணெ தேச்சிருக்கேன்!”

தளவாய் முகம் வெளிறிப்போனான். டாக்டர் ஓடி வந்தார். உடனே திறக்க வழியில்லை. அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் கதவு திறக்கும். அந்தச் சில நிமிடங்கள் லூர்தம்மாள் ஜெபம்கூடச் சொல்லவில்லை. ஆடாமல் அசையாமல் கிடந்த மனிதரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் கத்தியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. புருஷனைக் கட்டிலில் கிடத்தியதும் குனிந்து, “எனக்குத் தெரியாதுங்க” என்று அழுதாள்.

“எனக்குத் தெரியும்” என்றார் சிங்கராயர். “முழிச்சதுமே வாசம் அடிச்சுது. எங்க வேலையில ஆக்சிஜன் சிலிண்டர எண்ணெக் கையால தொடவே விடமாட்டோம்லா.”

“பொறவு ஏன் கண்ணாடியத் தட்டல?”

அவர் மூச்சு வாங்கினார்.

“அசையாம கெடந்தா பொறி பறக்காதுன்னு நெனச்சேன். தட்டியிருந்தா எல்லாரும் ஒன்னத்தானட்டி ஏசுவாவ.”