பேரையூர்க் காற்றில் இரண்டு சொம்புத் தண்ணீர்

நாகர்கோவிலில் ராத்திரி பஸ் ஏறினால், இருநூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர் தாண்டி, மதுரை மாட்டுத்தாவணியில் விடியும்போது இறக்கிவிடுவார்கள். பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அப்படித்தான் இறங்கினேன். பஸ் நிலைய வாசலில் பழைய ஆம்னி வேனில் சாய்ந்துகொண்டு சாகுல் நின்றிருந்தார். கையில் இரண்டு டம்ளர் பருத்திப்பால்.

“ஊதி ஊதிக் குடிங்கண்ணே. இன்னைக்கு நமக்கு நெறையப் பேச்சு இருக்கு, தொண்டை முக்கியம்.”

சாகுலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காஜிமார் தெருப் பையன். பையன் என்றால் முப்பத்தெட்டு வயது. அவருடைய அத்தா, அதாவது அப்பா, தண்ணீர் மோட்டார், பம்பு விற்கிற கடை வைத்திருக்கிறார். சாகுல் விற்பது வேறு: சூரிய வெளிச்சத்தில் ஓடி, காற்றிலிருந்து குடிதண்ணீர் எடுத்துக் கொடுக்கும் மெஷின். போன வருடம் அதை விற்க எங்கள் ஊருக்கு வந்து, மழைக்கு ஒதுங்கியது என் குடைக் கடையில். “எங்க ஊர்ல தண்ணி விக்க வந்தீரே, ஓய்!” என்று சிரித்தேன். அவரும் சிரித்து, நூற்றெண்பது ரூபாய்க்கு ஒரு குடை வாங்கிக்கொண்டு, “ஒரு தடவை எங்க பக்கம் வாங்கண்ணே, இந்தக் குடைய வெயிலுக்குத்தான் விரிப்போம்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பஸ் ஏறினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் படித்ததெல்லாம் மனிதர்கள் பேசக் கேட்டுப் படித்ததுதான். நன்றாகப் பேசுகிறவர் கூப்பிட்டால் போய்விடுவேன்.

காலை ஆறே முக்காலுக்கு வண்டியூர்த் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். குளம் நிறையத் தண்ணீர், நடுவில் மண்டபம், படிகளில் காலை நடைக்கு வந்தவர்கள்.

“பேரையூர்ப் பக்கம் மெஷின் பாக்கப் போறோம்னீரே, இங்க எதுக்கு?” என்றேன்.

“இம்புட்டுத் தண்ணியப் பாத்துட்டுப் போனா பேச்சுல கொஞ்சம் ஈரம் இருக்கும்ணே.”

அடுத்த நிறுத்தம் கோச்சடை. மதுரையில் சாகுல் இதுவரை விற்றிருக்கும் ஒரே மெஷின் அங்கே ஒரு பல் மருத்துவர் வீட்டு மாடியில் இருக்கிறது. சின்ன பீரோ அளவு. மேலே சாய்வாக இரண்டு சோலார் பலகைகள், ராத்திரிக்கு ஒரு பேட்டரி. உள்ளே ஒரு காற்றாடி காற்றை இழுக்கிறது. வடிகட்டி தூசியைப் பிடிக்கிறது. குளிர்ந்த குழாய்களில் காற்றின் ஈரம் முத்து முத்தாக இறங்குகிறது. ஐஸ் போட்ட சொம்பு வெளியே வியர்க்குமே, அந்த வியர்வைதான் தண்ணீர். அதைச் சுத்தம் செய்து, தாதுச் சத்துகள் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கிறது. விலை அறுபத்தைந்தாயிரம்.

“நல்லா இருக்கா சார்?” என்று மருத்துவரைக் கேட்டேன்.

“அதையேன் கேக்குறீங்க? வாய் கொப்பளிக்கக் குடுத்தா பாதிப் பேரு துப்பாம முழுங்கிடுறாங்க!”

ஒரு டம்ளர் எனக்கும் கொடுத்தார். மழைத் தண்ணீர் ருசி. குடைக்காரனுக்குத் தெரியாத ருசியா?

எட்டு மணிக்குக் கிளம்பினோம். திருமங்கலம் தாண்டியதும் வயல்கள் வெளுத்துக்கொண்டே போயின. பருத்திக் கட்டைகள், கரிசல் வெடிப்பு, தூரத்தில் வானத்தோடு ஒட்டிய மலை. ஜன்னல் வழியாக வந்த காற்று என் உதட்டைக் காயவைத்தது. சாகுல் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். கல்லுப்பட்டி வரும்போது மெதுவாகச் சொன்னார்:

“பேரையூர் மெஷின் திரும்பி வந்துச்சுன்னா கம்பெனிக்காரன் மதுரை ஏஜென்சிய வேற ஆளுக்குக் குடுத்துருவான். அத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பம்பு செட்டுப் பக்கத்துல ஒரு ஸ்டூலக் காட்டுவாரு, அம்புட்டுத்தான்.”

“ஏற்கெனவே திரும்பி வந்திருக்கா?”

“ரெண்டு. ஒண்ணு கல்யாண மண்டபம். பந்தியில ஆயிரம் பேரு உக்காந்தா மெஷின் என்னண்ணே செய்யும்? இன்னொண்ணு ஒரு மில்லு. அங்க காத்தை விடப் பஞ்சுதான் அதிகம் உள்ள போச்சு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மதுரையிலிருந்து பேரையூர் நாற்பத்தெட்டு கிலோமீட்டர். அங்கிருந்து மேற்கே இன்னும் ஏழு. ரோட்டோரம் எட்டுப் பெண்கள் சேர்ந்து நடத்துகிற இட்லிக் கடை ஒன்று. அந்தக் கடையின் மொட்டை மாடியில் ஒரு வாரமாக மெஷின் பரிசோதனைக்கு நிற்கிறது. பிடித்தால் மகளிர் குழுக் கடனில் வாங்குவார்கள்; பிடிக்காவிட்டால் சாகுல் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். முடிவு இன்றைக்கு.

பத்து மணி இருக்கும். நாங்கள் வேனை நிறுத்தவும், மாடிப்படியில் ஓர் அம்மா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வரவும் சரியாக இருந்தது. சேலையின் கீழ்விளிம்பு நனைந்திருந்தது.

“வாங்க பாய், வாங்கண்ணே. சாப்பிட்டுத்தேன் மத்த பேச்சு.”

பாண்டியம்மாள். கடையில் சட்னி, சாம்பார் அவர் பொறுப்பு. ஐந்து இட்லி வைத்துவிட்டு, “இதுக அடுக்குச் சட்டியில இடம் இல்லாம நிக்குதுக, சீக்கிரம் தின்னு அனுப்புங்க” என்று இன்னும் மூன்று வைத்தார். சாம்பார் அற்புதம். ஆனால் குடிக்கக் கொடுத்தது கேன் தண்ணீர், நாற்பது ரூபாய்க் கேன். அந்த ஊர் போர்த் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும். கல்லடைப்பு வராத வீடு இல்லை என்றார்கள்.

குழுத் தலைவி முத்துப்பேச்சி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சொந்தமாக இரண்டு ஏக்கர் பருத்தி போடுகிறார். அவருடைய அம்மா அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர் என்று அவரே சொன்னார். வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்து, “இவுகளும் மெஷின் விக்கிறவுகளா?” என்றார்.

“இல்லம்மா, நான் குடை விக்கிறேன்.”

“குடையா? வெளங்கும்! தண்ணி வராத மெஷினுக்கு மழை வராத குடை. நல்ல சோடிதேன்.”

கடையே சிரித்தது. நானும்தான். இப்படி ஒரு வரவேற்பை நான் எங்கே போய் வாங்குவது?

அந்த ஊரில் ஒரு வழக்கம். புதிதாகப் போர் போட்டால், முதல் தண்ணீரை யாரும் குடித்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல மாட்டார்கள். துவரம்பருப்பு வேகவைத்துப் பார்ப்பார்கள். பருப்பு மலர்ந்தால் நல்ல தண்ணீர். வெடித்துப் பிரியாமல் உருண்டையாகக் கிடந்தால் மண்ணைப் போட்டு மூடினாலும் சரிதான். அதுவும் குக்கரில் வைக்கக் கூடாது. “குக்கரு பொய் சொல்லும் பாய், பானை சொல்லாது” என்றார் முத்துப்பேச்சி.

சாகுலுக்கு ஒரே சந்தோஷம். என் காதில், “ஜெயிச்சோம்ணே. காத்துத் தண்ணியில கல்லையும் வேகவைக்கலாம்” என்றார்.

மெஷினை ஒட்டி வைத்திருந்த எவர்சில்வர் டிரம்மிலிருந்து தண்ணீர் பிடித்து வந்து, அடுப்பில் பானையை ஏற்றினார்கள். எட்டுப் பெண்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். முக்கால் மணி நேரம் போயிற்று. பேச்சு ஓடியது: யாருடைய மருமகள் எந்த ஊர், பருத்திக்கு என்ன விலை, மெஷின் ராத்திரியில் உறுமுவதைக் கேட்டு நாய் குரைத்த கதை. ஒரு மணி நேரமும் ஆனது. முத்துப்பேச்சி கரண்டியில் ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கினார். அது நசுங்காமல் வழுக்கிக்கொண்டு தெறித்து என் மடியில் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

“பாய், வேகலையே” என்றார். கோபமே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “நம்ம போர்த் தண்ணிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? இதுக்கு எதுக்கு அம்புட்டுக் கடன்? ஏத்திட்டுக் கெளம்புங்க.”

சாகுல் எழுந்து மாடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். டிரம்மைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி உறிஞ்சினார். முகம் மாறியது. என்னிடம் கையை நீட்டினார். உப்பு. முக்கால்வாசி போர்த் தண்ணீர்.

எனக்கு உடனே காலையில் பார்த்த காலிக் குடமும் நனைந்த சேலையும் நினைவுக்கு வந்தன. திரும்பினால் மாடிப்படியின் மேல்படியில் பாண்டியம்மாள் நின்றுகொண்டிருந்தார், முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு. சாகுலும் பார்த்துவிட்டார்.

நான் வாயைத் திறந்தேன். சாகுல் என் கையை அழுத்தினார்.

“விடுங்கண்ணே. எட்டுப் பேரு நடுவுல அந்த அக்காவ நிறுத்தி வச்சுத்தான் நான் மெஷின் விக்கணுமா? நம்மளுக்குச் சோறு போட்டவுக.”

ஸ்பானரை எடுத்து உட்கார்ந்து மெஷினின் முதல் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார். ஏஜென்சி, அத்தா, ஸ்டூல் எல்லாம் அந்த போல்ட்டோடு சேர்ந்து சுழன்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது போல்ட்டுக்கு ஸ்பானரை வைத்தபோது, பாண்டியம்மாள் திரும்பிக் கீழே பார்த்துப் போட்ட சத்தம் ரோட்டுக்கே கேட்டிருக்கும்:

“ஏ முத்துப்பேச்சி! மேல வாடி! எல்லாரும் வாங்கடி! மெஷின் மேல தப்பு இல்ல, நாந்தேன் போர்த் தண்ணிய ஊத்துனேன்!”

எல்லாரும் ஏறி வந்துவிட்டார்கள்.

“நேத்துச் சாயங்காலம் பருத்திக் கட்டை புடுங்கிட்டு வந்தவுக ஆளுக்கு ரெண்டு டம்ளரு குடிச்சுட்டுப் போயிட்டாக. காலைல பாத்தா டிரம்மு அடியில கிடக்கு. பாய் போனைப் போட்டு வாரேன்னு சொல்றாரு. அம்புட்டுத் தூரத்துல இருந்து ஒரு மனுசன் வாராரு, அவரு வந்து நிக்கையில வெறும் டிரம்மையா காட்டச் சொல்ற? அவரு முகம் வாடிரும்ல? அதான் ரெண்டு குடம் ஊத்தி நெறச்சு வச்சேன். நீங்க பருப்பு போடுவீகன்னு நான் என்னத்தக் கண்டேன்!”

பிறகு முத்துப்பேச்சி இடுப்பில் கைவைத்தார்.

“சாம்பாருல தண்ணி ஊத்துனவ பழக்கம், மெஷின்லயும் ஊத்திட்டா!”

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பில் பாண்டியம்மாளும் சேர்ந்துகொண்டார், கண்ணைத் துடைத்தபடியே. சாகுல் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, மெஷினின் அடியில் ஒரு சின்னத் திருகைக் காட்டினார். டிரம்முக்கு அனுப்புவதற்கு முன்னால் தண்ணீர் சேர, மெஷின் வயிற்றுக்குள்ளேயே ஒரு சின்னத் தொட்டி உண்டு. அது நிறைந்தால்தான் டிரம்முக்குப் போகும். விடியற்காலையில் இறங்கியது அதில் அப்படியே இருந்தது. திருகைத் திறந்தார். இரண்டு சொம்பு.

“அக்கா, உண்மையச் சொல்லிர்றேன். இந்த வறட்டுக் காத்து அடிக்கிற வரைக்கும் ஒரு நாளைக்கு எட்டு லிட்டரோ பத்தோதான் வரும். ஐப்பசி பொறந்தா நெறைய வரும்.”

“போன வாரம் இருபதுன்னு சொன்னீகளே, அது யாரு வாயி?”

“அது கம்பெனி வாயி அக்கா. இது என் வாயி.”

புதுப் பானை, புதுப் பருப்பு, அந்த இரண்டு சொம்பிலிருந்து அளந்து தண்ணீர். இந்த முறை யாரும் ஊர்க் கதை பேசவில்லை. அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனபோது கொதிக்கிற சத்தமே மாறிவிட்டது. முத்துப்பேச்சி கரண்டியை விட்டு எடுத்தார். பருப்பை நசுக்க வேண்டிய வேலையே இல்லை. மஞ்சளாய் மலர்ந்து கரண்டியோடு குழைந்து வந்தது. சோற்றில் போட்டு, உப்பும் நெய்யும் விட்டு, முதல் கவளம் பாண்டியம்மாள் வாயில் ஊட்டினார். “தின்னு. ஊத்துன கையி ருசி பாக்கட்டும்.”

பிறகு அவர்களுக்குள் பேச்சு. பத்து லிட்டர் கடைக்குக் காணாது என்றார் ஒருவர். அப்பவும் கேன் வாங்குவது நிற்காதே என்றார் இன்னொருவர். முத்துப்பேச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டுச் சொன்னார்:

“காணாதுதேன். சமையலுக்கு வேணாம், குடிக்க மட்டும் வச்சுக்குவோம். எங்கம்மா தண்ணிக்குப் போயி அடுத்தவுக கெணத்துமேட்டுல குடத்தோட நிப்பா. அவுக வந்து எறைச்சு ஊத்துற வரைக்கும் நிப்பா. கயித்தத் தொட விட மாட்டாக. இந்தத் தண்ணி கொஞ்சந்தேன். ஆனா எவன் வாசல்லயும் நிக்காம வருதுல்ல? காத்துக்கு எவன் வேலி போடுவான்? இருக்கட்டும் மெஷினு.”

சாகுல் மாடிக்கு ஏறினார், நானும் கூடப் போனேன். கழற்றிய அந்த ஒரு போல்ட்டைத் தேடி எடுத்துத் திரும்ப முடுக்கினார். மெதுவாக, ஒவ்வொரு சுற்றாக. “அல்ஹம்துலில்லாஹ்” என்று உதடு மட்டும் அசைந்தது.

மூன்று மணிக்குப் புறப்பட்டோம். மிச்சமிருந்த தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் ஊற்றி பாண்டியம்மாள் என்னிடம் கொடுத்தார்.

“குடைக்காரண்ணே, உங்க ஊர்ல தண்ணி நெறையா இருக்காம்ல. அதோட கலந்துராதீக.”

வேனில் அத்தாவுக்குப் போன் போட்டார் சாகுல். “ஆமாத்தா. இருக்கட்டும்னுட்டாக... இல்லத்தா, அந்த ஸ்டூல வேற யாருக்காச்சும் குடுங்க.” கல்லுப்பட்டி, திருமங்கலம் எல்லாம் வந்ததும் போனதும் தெரியவில்லை, பேச்சு பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டது. மாட்டுத்தாவணியில் என்னை இறக்கிவிடும்போது, வேனின் பின் சீட்டிலிருந்து நான் விற்ற குடையை எடுத்துக் காட்டினார். துணி வெயிலில் வெளுத்திருந்தது. ஒரு சொட்டு மழைத் தடம் இல்லை.

நாகர்கோவில் வந்து இறங்கியபோது கோடை மழை. எங்கள் வீட்டு ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் கொட்டி, முற்றத்து வாளி நிறைந்து வழிந்து, ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்பது வருடமாக இப்படித்தான் வழிகிறது. அன்றைக்குத்தான் அந்தச் சத்தத்தை நின்று கேட்டேன்.

பாட்டில் இப்போது என் கடை மேஜையில் இருக்கிறது. குடை வாங்க வருகிறவர்கள் கேட்கும்போது கதையைச் சொல்லி ஆளுக்கு ஒரு மூடி ஊற்றிக் கொடுக்கிறேன். முக்கால் பாட்டில் தீர்ந்துவிட்டது. நேற்று என் மனைவி குடத்தோடு வந்து, “வாறவங்க முன்னால இப்படிக் காலியா இருந்தா நல்லாவா இருக்கு, நெறச்சு வைக்கட்டா?” என்று கேட்டாள்.

பாட்டிலை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன்.