தொட்டி கழுவிய நாள்

எங்கள் வீடு இருக்கும் இடம் ஒரு காலத்தில் பருத்திக்காடு. அப்புறம் நூல் மில் வந்தது. அதில் வேலை பார்த்த அப்பா, திருநகரில் வாங்க வசதியில்லாமல் அதைத் தாண்டி இந்த மனையை வாங்கினார். மில்லை மூடியதும் கொட்டகைகளைத் துண்டு துண்டாக வாடகைக்கு விட்டார்கள். சாயப்பட்டறைகள் வந்தன. கொஞ்ச வருடத்தில் எங்கள் போர் தண்ணீர் சிவப்பாக வர ஆரம்பித்தது.

குடிக்கக் கேன் வாங்கினோம். பாத்திரமும் துணியும் போர் தண்ணீரில்தான். என் மனைவிக்கு விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு "எரியுதுங்க" என்பாள், அவ்வளவுதான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். நான் பள்ளிக்கூட எழுத்தர். மனு எழுதுவதைத் தவிர வேறென்ன தெரியும்? மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். கடைசியில் போன் வந்தது: வியாழக்கிழமை பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க அதிகாரிகள் வருகிறார்கள். அந்தச் சிவப்புத் தண்ணீர் ஒரு பாட்டில் அவர்கள் கைக்குப் போனால் போதும், பட்டறைகளுக்குப் பூட்டுதான் என்று துள்ளினேன். வீட்டில் மட்டும், "ஆபீஸ்லேர்ந்து ஆளுக வாராக" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். முட்டாள்.

வியாழன் சாயங்காலம் வீடு திரும்பினால், அவள் முகத்தில் அப்படியொரு நிறைவு.

"வந்துட்டுப் போயிட்டாக. நல்ல மனுசங்க. காபி குடிச்சாக. குழாய்ல ஒரு பாட்டில் புடிச்சுக்கிட்டு, எங்கிட்டக் கையெழுத்து வாங்கிக்கிட்டாக."

"தண்ணி செவப்பாத்தான வந்துச்சு?"

"சேச்சே! காலையிலயே தொட்டியக் கழுவி, லாரித் தண்ணிய ஏத்தி வச்சிட்டேன். அம்புட்டுப் பெரிய ஆளுக கை கழுவுறப்ப மூஞ்சியச் சுளிச்சா நமக்குத்தான கேவலம்?"

உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தவள். வீட்டுக்கு வந்தவருக்கு நல்ல தண்ணீர் கொடுக்காவிட்டால் அவளுக்கு மனசு ஆறாது. கத்தத்தான் வாயைத் திறந்தேன். தொட்டி தேய்த்த கையை முந்தானையில் ஒற்றிக்கொண்டிருந்தாள், விரலிடுக்கில் ரத்தம். தேங்காயெண்ணெய் எடுத்துவர உள்ளே போனேன்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது: எங்கள் போர் தண்ணீர் பயன்பாட்டுக்கு உகந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடி, நடந்ததையெல்லாம் சொன்னேன். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கோப்பைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார்.

"எங்க வீட்டுப் போர் தண்ணிதான்னு கீழ கையெழுத்துப் போட்டிருக்கது உங்க வீட்டம்மாதான சார்?"

எழுத்து கோணலாக இருந்தது. பேனாவைப் பிடித்தாலே எரியும் அவளுக்கு.

"ஆமா சார்" என்றேன்.