தவத்தின்ரை மலைக் குளிப்பு

இண்டைக்குத் திருநெல்வேலிச் சந்தையிலை தவத்தைக் கண்டன். கம்பஸ் காலத்துக் கூட்டாளி. ஒரு கையிலை கத்தரிக்காய்ப் பை, மற்றக் கையிலை போன்.

வீடியோக் கோலிலை அவன்ரை மகள். ஸ்கொட்லாந்திலை மலை மலையா நடக்க வெளிக்கிட்டு ரெண்டாம் நாளாம். மூக்குச் சிவந்து, ரெண்டு தொப்பி போட்டுக்கொண்டு நிக்கிறா.

"பிள்ளை, விடிய எழும்பின உடனை குளி. குளிர் விட்டிடும்" எண்டு சந்தை முழுக்கக் கேக்கக் கத்திறான்.

நான் ஓடிப்போய்ப் போனுக்கு முன்னாலை தலையை நீட்டினன்.

எண்பதுகளின்ரை கடைசியிலை நாங்கள் நாலு பேர் நுவரெலியாப் பக்கம் ஒரு கிழமை மலை நடக்கப் போனனாங்கள். முதல் நாள் விடியவே தவம் வாளியோடை ஓடைக்கு வெளிக்கிட்டான்.

"டேய், தண்ணி ஐஸாக் கிடக்குமடா."

"உந்த விசர்க் கதையை விடு. மார்கழியிலை எங்கடை கிணத்துத் தண்ணி விடிய இளஞ்சூடா இருக்கிறேல்லையோ? இஞ்சையும் அப்பிடித்தான்."

ஒரு வாளி தலையிலை ஊத்தினான். தேவாரம் தொடங்கினவன் முதல் சொல்லோடை நிண்டிட்டான்.

எங்கடை சுவெற்றர் எல்லாத்தையும் அவனுக்குப் போட்டுத்தான் உயிர் திரும்பினது. மிச்ச நாள் முழுக்க அவன் முகமும் கழுவேல்லை. நடுங்கினது நாங்கள்.

"அங்கிள், அப்பா அந்த மலையிலை ஒவ்வொரு நாளும் குளிச்சவராமே?" போனிலை மகள் என்னட்டைக் கேக்கிறா.

தவம் என்னைப் பாத்தான்.

"ஓம் பிள்ளை, குளிச்சவர்தான். நீங்கள் மட்டும் குளிக்காதேங்கோ."

அண்டைக்குச் சுவெற்றர் கழட்டிக் குடுத்த மற்ற ரெண்டு பேரும் இந்தப் பதிவுக்குக் கீழை வாயைத் திறக்காதேங்கோ. மகளும் இதை வாசிக்கிறவ.