மூன்றாவது மணி

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவது என் வேலை. வரைவது என்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன். கம்ப்யூட்டரில் வெட்டுவதும் ஒட்டுவதும்தான். ஆனாலும் எனக்கு அதில் கர்வம் உண்டு. நான் பூசிய நிறங்களை வானமே பார்த்திருக்காது. யாராவது குறை சொன்னால் சுள்ளென்று கோபம் வரும்.

போன கோடையில் ஒரு ஆர்டர் வந்தது. மேலே போய் வெடித்து, குட்டிப் பாராசூட்டில் மிதந்து இறங்கும் புது வெடி. விண்வெளியிலிருந்து திரும்பும் கலத்தைப் படமாகப் போடச் சொன்னார்கள். நான் கலத்தை வரைந்து அதன் வாலில் முழ நீளத்துக்கு நெருப்பு வைத்தேன். எங்கள் ஊரில் ராக்கெட் என்றால் நெருப்பு வாலில்தான். பெருமையாக வீட்டில் கொண்டுவந்து காட்டினேன். என் மனைவி வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறவள். நெருப்பு விஷயத்தில் அவளிடம் வாயைக் கொடுத்து நான் ஜெயித்ததே இல்லை.

"கீழ எறங்குற சாமானுக்கு வால்ல எதுக்கு நெருப்பு?" என்றாள். போனில் எதையோ தேடி நீட்டினாள். "இங்கன பாருங்க. அடியிலதான எரியுது."

அடியில்தான் எரிந்தது. எனக்கு ரோஷம் வந்து, அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து படித்தேன். அவள் வெறுந்தரையில் படுத்திருந்தாள். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. படித்ததை அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். தூங்குகிறாளா கேட்கிறாளா என்று தெரியவில்லை. கலம் வருகிற வேகத்தில், முன்னால் அகப்பட்ட காற்று விலக நேரமில்லாமல் நசுங்கிக் கொதிக்கிறது. அடிப்பக்கம் கூராக இல்லாமல் தோசைக்கல் போல அகலமாக இருப்பதால், கொதிக்கும் காற்று கொஞ்சம் தள்ளியே நிற்கிறது. மிச்சச் சூட்டுக்கு அடியில் ஒரு கவசம். அது கருகி உதிர்ந்து, போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. செங்குத்தாக இறங்கினால் கலம் தாங்காது. ரொம்பச் சாய்ந்து வந்தாலோ, காற்றில் பட்டு எகிறி வெளியே போய்விடும்.

"அப்போ கருகுறதுக்குன்னே ஒண்ண வச்சிருக்காக," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"ஆமா. அந்த நேரம் சில நிமிசத்துக்கு உள்ள இருக்கவுக பேசுறது வெளிய கேக்காது. சுத்தி நெருப்பு. சிக்னல் வராது."

"அம்புட்டு நேரமும் வீட்டாளுக என்ன செய்வாக?"

"என்ன செய்வாக, காத்துக்கிட்டு இருப்பாக."

அவள் சிரித்தாள். "நீங்க தெனமும் இருக்கீகளே."

நிஜம்தான். காலையில் போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, ஷெட் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டு அவள் உள்ளே போனால், சாயங்காலம் வரை ஒரு சொல் வராது. ஐந்தே காலுக்கு வெளியே வந்து போனை வாங்கியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். மூன்று முறை மணி அடித்து நிற்கும். நல்லபடியாக வந்துவிட்டேன் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். அதை நான் எடுக்கக் கூடாது, எடுத்ததும் இல்லை.

மறுநாள் நெருப்பை வாலிலிருந்து பிடுங்கி அடியில் வைத்தேன். ஆர்டர் கொடுத்தவர் பார்த்துவிட்டு, "என்னய்யா, தீப்பிடிச்சு விழுற மாதிரில்ல இருக்கு," என்றார்.

"தீதான் சார். ஆனா உள்ள இருக்கவுகளுக்கு ஒண்ணும் ஆகாது," என்றேன். அவர் நம்பவில்லை.

அந்த வாரமே ஒரு கலம் திரும்பி வருவதை நேரலையில் காட்டினார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் என் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். சன்னலுக்கு வெளியே வெயிலில் தார் ரோடு தண்ணீராய் நெளிந்தது. திரையில் இருட்டும் ஒரு புள்ளி வெளிச்சமும் மட்டும். கலத்திலிருந்து பேச்சு நின்றுவிட்டது என்று சொன்னார்கள். நாங்களும் பேசவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தூரத்துச் சத்தம்தான், சன்னல் கண்ணாடி ஒருமுறை நடுங்கி நின்றது. எங்கள் ஊரில் அதற்கு யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. மாடிக்கு ஓடிப் புகை எந்தத் திசை என்று பார்ப்போம். நான் ஓடினேன். வெம்பக்கோட்டைத் திசை.

அவள் எண்ணுக்குப் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. வாட்ச்மேனின் பெட்டிக்குள் இந்நேரம் அத்தனை போன்களும் சேர்ந்து அடித்துக்கொண்டிருக்கும் என்று தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்பப் போட்டேன். பயந்துபோனேன், மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காற்றே இல்லை. வெள்ளைப் புகை மேலே ஏறி, அகலமாக விரிந்து, போக மனமில்லாமல் அங்கேயே நின்றது. அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. கீழே திரைக்கு முன்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். "பேசிட்டாக, பேசிட்டாக" என்று யாரோ சொல்வது வேறு ஏதோ வீட்டில் கேட்பது போலக் கேட்டது.

கையில் போன் அடித்தது. அவள் எண்தான். ஆனால் அந்தப் போனிலிருந்து யார் வேண்டுமானாலும் பேசலாம். மூன்றாவது மணியோடு நின்றால் அவள். நிற்காமல் அடித்தால் வேறு யாரோ. முதல் மணி அடித்தது. இரண்டாவது அடித்தது. மூன்றாவது வரை பொறுக்க எனக்குத் தைரியமில்லை. எடுத்துவிட்டேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "மிஸ்டு காலுதானே குடுத்தேன். எதுக்கு எடுத்தீக?"

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"பக்கத்துக் கம்பெனில ஒரு ஷெட்டு போயிருச்சு. ஆளுக எல்லாம் சாப்பிட வெளிய வந்துட்டாக. யாருக்கும் ஒண்ணும் இல்ல," என்றாள். அப்புறம், "அழுறீகளா?" என்றாள்.

"இல்ல," என்றேன். "அந்தக் கலம் எறங்கிருச்சு."

"உள்ள இருந்தவுக?"

"பேசிட்டாக."